நாற்பதுக்குள் ஒரு தணிக்கை

சுபுஹுத் தொழுகைக்கு விரித்த பாயை மடித்து வைக்கக்கூட ஜஹ்ராவுக்குப் பொறுமை இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்ததில் கண் இரண்டும் எரிந்தன. எழுந்த கையோடு நடு வாசலைத் தள்ளிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குள் போனாள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஜஹ்ராவுக்கும் நஜ்லாவுக்கும் வாப்பா ஒட்டி ஒட்டிக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. நடுவில் ஒரு வாசல் விட்டிருந்தார். அதற்குத் தாழ்ப்பாள் போட இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

போன வாரம் ஜஹ்ராவை எங்கே விட்டோம் என்று நினைவிருக்கும். தாய்மாமா மூஸா நெய்னா தூத்துக்குடியில் நடத்துகிற சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் வேலை. விசைப்படகுகள் கடலுக்குப் போக அரசாங்க ஆபீஸ் டோக்கன் கொடுக்கிறதல்லவா? எந்தப் படகு, யார் யார் ஏறினார்கள், எங்கே போனது, எப்போது திரும்பியது என்பதையெல்லாம் கிளவுட்டில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பது இவர்கள் பொறுப்பு.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வந்தது புதுச் சட்டம். அரசாங்கத்துத் தகவலை வைத்திருக்கிற எந்த கிளவுட்டும் பாதுகாப்புத் தணிக்கையில் தேற வேண்டும். ஒருவருடைய பாஸ்வேர்டை இன்னொருவர் தொடக்கூடாது. நாட்டுக்கு வெளியே இருந்து யாரும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. தப்பு நடந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் கம்பெனியின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு ஜெயில். அந்தப் பொறுப்பாளர் நாற்காலியில் மாமா யாரை உட்கார வைத்திருந்தார்? சாட்சாத் ஜஹ்ராவை.

தணிக்கைக்கு எல்லாம் எடுத்துவைக்கும்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஓய்வில் படுத்திருக்கிற நஜ்லாவின் பெயரில், யாரோ தினமும் உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தணிக்கை இன்றைக்கு.

நஜ்லாவின் அறையில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. ஜன்னலைச் சாத்தித் திரையும் போட்டிருந்தார்கள். அடுப்படியில் உம்மா பூண்டும் மிளகும் போட்டு மருந்து கிண்டுகிற வாசம் வந்தது. பிள்ளை தொட்டிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

“ஏளா நஜ்லா, உன் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?”

நஜ்லா தலையணையில் சாய்ந்து எழுந்தாள். “என்ன ராத்தா, விடிஞ்சும் விடியாம?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. உன் பேர்ல நேத்துக்கூட வேலை நடந்திருக்கு. உன் போனை உம்மா பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க. மாப்பிள்ளைகிட்ட பேசுறதுக்கு மட்டும்தான் எடுத்துத் தாராங்க. அப்போ வேலை பாத்தது யாரு, ஜின்னா?”

நஜ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஜின்னு இல்லை. அவங்கதான் பாக்காங்க.”

“யாரு, உன் மாப்பிள்ளை தமீமா?”

“அவங்க அங்கன கப்பல் கம்பெனியில இதே கம்ப்யூட்டர் வேலைதானே பாக்காங்க? நான் படுத்துட்டா மாமா என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவாங்கன்னு ஒருநா அழுதேன். நீ நிம்மதியா பிள்ளையைப் பாரு, நாப்பது கழியிறவரைக்கும் உன் வேலையை நான் பாக்கேன்னு சொன்னாங்க. பேறுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே எல்லாத்தையும் அவங்க போனுக்கு மாத்திக் குடுத்துட்டேன்.”

“ஷார்ஜாவுல இருந்து பாக்காங்களா?”

“பின்னே வேற எங்க இருந்து?”

ஜஹ்ராவால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் தொட்டிலை ஆட்டினாள். பிள்ளை அழாமலே ஆட்டினாள்.

“பாவம் ராத்தா அவங்க. டியூட்டி முடிஞ்சு ராத்திரி ரூமுக்கு வந்த பொறவு பாக்காங்களாம். ரூம்ல கூட்டாளிங்க எந்நேரமும் சினிமா போட்டுருவாங்க போல. ஒரே கத்தலும் விசிலும். பேசும்போது எனக்கே காது அடைக்கும். அந்தக் கூத்துக்குள்ள உட்கார்ந்து எனக்காகப் பாக்காங்க.”

அதைச் சொல்லும்போது நஜ்லாவின் முகத்தில் இருந்த பெருமையை ஜஹ்ரா பார்த்தாள். திட்ட வந்தவளுக்குத் திட்டவும் மனசு வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியுமா? சட்டத்தைச் சொன்னாள். ஜெயிலைச் சொன்னாள். பொறுப்பாளர் யார் என்பதையும் சொன்னாள்.

நஜ்லா வெளுத்துப்போனாள். “எனக்கு இது தெரியாது ராத்தா. வல்லாஹி தெரியாது.”

“தெரிஞ்சவ நான். எனக்குக் கண்ணு இல்லாமப் போச்சே.”

“அவங்க பேரை மட்டும் இழுத்துராதே. நாப்பது அன்னைக்கு வாரதுக்கு லீவு கேட்டுருக்காங்க. பிள்ளை முகத்தை இன்னும் போன்லதான் பாத்திருக்காங்க. கேஸு கீஸுன்னு ஆயிட்டா ஏர்போர்ட்டுல வச்சே பிடிச்சுருவாங்களே!”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. உம்மாவுக்குப் பாம்புக் காது. ஜஹ்ரா தங்கச்சியின் தலையைத் தடவிவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

தூத்துக்குடி பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போனாள். ஆத்தூரில் ஒரு அம்மா இடம் தள்ளிக் கொடுத்தும் வேண்டாம் என்று தலையாட்டினாள். முக்காணிப் பாலத்தில் காற்று வந்து அறைந்தபோதுதான் மனசு கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தது.

ராத்திரி ரூமுக்கு வந்த பிறகு பார்க்கிறார் என்றாளே நஜ்லா? டோக்கனில் தப்பு இருந்தால் திருத்துகிற வேலை அது. படகு விடியற்காலையில் கிளம்பிவிடும். டோக்கன் ஆபீஸ் திறந்ததும் காலையிலேயே திருத்தினால்தான் உண்டு. நஜ்லாவின் பெயரிலும் காலையில்தான் வேலை நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்த மனுஷர் ஷார்ஜாவில் டியூட்டியில் அல்லவா இருக்க வேண்டும்?

லீவு நாளாக இருக்கும் என்று நினைத்தாள். தினமுமா லீவு? இருக்கிற தலைவலியில் இது வேறா என்று அந்த நினைப்பை உதறிவிட்டாள்.

ஆபீஸில் மாமா மூஸா நெய்னா அவளுக்கு முன்னால் வந்து வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர், புதுத் தொப்பி. பெருநாளுக்குப் போவதுபோல் கிளம்பி வந்திருந்தார். ஜஹ்ரா விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

“யா அல்லாஹ்! ஷார்ஜாவுல இருந்தா? ஏளா, நம்ம வீட்டுப் பிள்ளைங்களா இப்படி?”

“சொல்லிருவோம் மாமா. சொன்னா திருத்திக்க நேரம் குடுப்பாங்க. மறைச்சாத்தான் குத்தம்.”

“சொன்னா மட்டும் தடவியா குடுப்பாங்க? வெளிநாட்டுல இருந்து தொட்டாச்சுன்னா அந்த நிமிஷமே வேலையைப் பிடுங்கிருவாங்க. இந்த ஒரு வேலையை நம்பித்தான் இத்தனை பேரு இங்கன உட்கார்ந்திருக்காங்க.” கதவுப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நஜ்லாவே வீட்டுல இருந்து பாத்தான்னு சொல்லிருவோம். நாப்பதுல கிடக்க பொண்ணோட அறைக்குள்ள எந்த அதிகாரி வந்து விசாரிக்கப் போறான்?”

“உள்ளே போற ஒவ்வொருத்தர் போனும் எந்த இடத்துல இருக்குன்னு பதிவாகுது மாமா.”

“நீ பாத்தியா?”

“நம்மளால அதைத் திறக்க முடியாது. தணிக்கைக்கு வாரவங்க மட்டும்தான் திறக்கலாம்.”

அதுவும் சட்டத்தில் இருக்கிறது. பார்க்க விட்டால் மாற்றிவிடுவார்கள் என்று சட்டம் போட்டவர்களுக்குச் சந்தேகம். இந்த ஏற்பாட்டைப் போன மாதம் ராப்பகலாக உட்கார்ந்து பொருத்தியவளே ஜஹ்ராதான். இன்றைக்கு அது அவளையே பார்த்து முறைக்கிறது.

“எல்லார் பேரையும் ஒண்ணொண்ணாத் திறந்து பாக்க அவனுக்குப் பொழுது ஏது? டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்து மத்தியானத்துக்குள்ள அனுப்பி வச்சுருவோம். நீ வாயைத் திறக்காம இரு, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றார் மாமா.

சொல்லி வாயை மூடவில்லை, அதிகாரி வந்துவிட்டார். மாமா எதிர்பார்த்த ‘அவன்’ இல்லை. பருத்திப் புடவையும் தோளில் லேப்டாப் பையுமாக ஒரு பெண் உள்ளே வந்து, “நான் பிளாரன்ஸ். சென்னையில இருந்து வாரேன். ஆனா பிறந்தது வளந்தது எல்லாம் இந்தா திரேஸ்புரம்தான்” என்றார்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பஜ்ஜிக்கு ஆள் அனுப்பியதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

பிளாரன்ஸ் சளைக்காத ஆள். பூட்டு, சாவி, காப்பு நகல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றையும் பார்த்தார். ஜஹ்ரா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். விரல் அவளை அறியாமல் கைவளையலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“எங்க ஊரு ஆளுகளே எங்கிட்ட சண்டைக்கு வாராங்க” என்றார் பிளாரன்ஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மீன் பிடிக்கப் போறவனுக்கு எதுக்கு இத்தனை பூட்டுன்னு கேக்காங்க. என் தம்பி ரெக்ஸ் படகும் இதுலதான் இருக்கு. அவன் எந்நேரம் எங்க நிக்கான்னு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கவன் உட்கார்ந்த இடத்துல பாத்தா, அவன் பத்திரமாத் திரும்பி வருவானா? அதுக்குத்தான் சட்டம்.”

பிறகு ஒரு பெயரில் நிறுத்தினார்.

“நஜ்லா யாரு?”

ஜஹ்ரா வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். “என் மருமவதான் மேடம். இந்தப் பிள்ளையோட தங்கச்சி. வீட்டுல இருந்தே வேலை பாக்கா. பிள்ளை பெத்திருக்கால்லா?”

“அப்படியா, சந்தோஷம். எப்போ பிறந்துச்சு?”

“இப்பத்தான். இன்னும் நாப்பது கழியலை.”

சொன்ன பிறகுதான் மாமாவுக்கே உறைத்தது. பிளாரன்ஸ் நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார்.

“அண்ணாச்சி, காலேஜ்ல எனக்குப் பக்கத்துல உட்கார்ந்தவ காயல்காரி. அவ பிள்ளை பெத்தப்போ நான் பாக்கப் போனேன். நாப்பதுல கண்ணு கெட்டுரும்னு வாரப் பத்திரிகையைக்கூட அவ கையில குடுக்க விடலை அவங்க உம்மா. உங்க வீட்டுல மட்டும் தினமும் காலையில கம்ப்யூட்டர் முன்னால உட்கார விட்டுட்டாங்களா?”

“அது வந்து... இப்போ காலம் மாறிருச்சுல்லா மேடம்...”

“அப்படின்னா நல்லதுதான். வீட்டுக்குப் போயி அந்தப் பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன். நான் பொம்பளைதானே, அறைக்குள்ள விடுவாங்க. பிள்ளையையும் பாத்த மாதிரி இருக்கும்.”

ஜஹ்ரா நஜ்லாவை நினைத்துப் பார்த்தாள். அந்த அறைக்குள் இந்த அம்மா போய் நின்றால், பச்சை உடம்புக்காரி பயத்தில் பொய் சொல்லுவாள். புருஷனைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய் சொல்லுவாள். ஒவ்வொன்றும் ஒரு கேஸாகும்.

“வேண்டாம் மேடம்” என்றாள். “வேலை பாத்தது நஜ்லா இல்லை. அவ மாப்பிள்ளை தமீம். அவ வேலை போயிரக் கூடாதுன்னு பாத்திருக்காங்க. எனக்கு இன்னைக்குக் காலையிலதான் உறுதியாத் தெரியும். அவங்க இருக்கது ஷார்ஜாவுல.”

“ஜஹ்ரா!” என்றார் மாமா.

“பொறுப்பாளர் நான்தானே மாமா? நான்தான் சொல்லணும்.”

பிளாரன்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பெரிய விஷயத்தைச் சொல்லிட்டீங்க. நான் அந்த இடப்பதிவைத் திறந்துதான் ஆகணும். அதுல ஷார்ஜான்னு இருந்துச்சுன்னா, இன்னைக்கே இந்த வேலையை நிறுத்தச் சொல்லி எழுதணும். எனக்கு வேற வழி கிடையாது.”

“திறங்க மேடம்.”

அவர் தன்னுடைய சாவி எண்ணைத் தட்டினார். திரையில் வரைபடம் விரிந்தது. ஜஹ்ரா கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் துஆ ஓதினாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஷார்ஜான்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“இங்கன அப்படி இல்லையே. எல்லாமே இந்தியாவுக்குள்ளதான் வருது.”

“அல்ஹம்துலில்லாஹ்!” மாமா இரண்டு கையையும் உயரத் தூக்கினார். “நான் சொன்னேன்லா? நம்ம வீட்டுப் பிள்ளை நாட்டை விட்டுத் தொடலை! அல்லாஹ் காப்பாத்திட்டான்...”

தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அவர் ஜஹ்ராவைப் பார்த்தார். ஜஹ்ரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தியாவுல எங்க மேடம்?”

பிளாரன்ஸ் வரைபடத்தைப் பெரிதாக்கினார். கடற்கரை வந்தது. துறைமுகம் வந்தது. அங்கிருந்து திருநெல்வேலி ரோடு மேற்கே ஓடியது. அந்த ரோட்டில் ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“புதுக்கோட்டை. நம்ம தூத்துக்குடிப் புதுக்கோட்டைதான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துல.”

“எந்த நாள்?”

“எல்லா நாளும் அங்கனயேதான்.”

“பிள்ளை பிறந்த அன்னைக்கும்?” தேதியைச் சொன்னாள் ஜஹ்ரா.

பிளாரன்ஸ் தேடிப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில் அதிகாரி இல்லை. “அன்னைக்கும்தான்மா.”

பிறந்த பிள்ளை காதில் வாப்பா சொல்லுகிற பாங்கை, அன்றைக்கு ராத்திரி தமீம் போனில்தான் சொன்னார். நஜ்லா போனைப் பிள்ளையின் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். கடல் தாண்டி வந்த பாங்கு என்று உம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார்கள். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்து, பிள்ளையைக் கையில் வாங்கியே சொல்லியிருக்கலாமே! ஜஹ்ராவுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபம்தான் வந்தது. கோபத்துக்குக் கீழே ஒரு பயமும் இருந்தது. ஒரு மனுஷன் எதற்காக இப்படி ஒளிவான்?

பிளாரன்ஸ் சொல்ல வேண்டியதைச் சொன்னார். “வெளிநாட்டுக் குத்தம் இதுல இல்லை. பாஸ்வேர்டு கைமாறுனது குத்தம்தான். நீங்களாச் சொன்னதால திருத்திக்க அவகாசம் குடுக்கேன். அந்தப் பேரை இப்பவே மூடிருங்க. ஆனா தமீம் நேர்ல வந்து, ஏன் பாத்தார், என்ன பாத்தார்னு எங்கிட்ட சொல்லணும். திங்கக்கிழமை வரைக்கும் இங்கனதான் இருப்பேன். வரலைன்னா இந்த வேலை உங்க கையில இருக்காது.” பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று, “முதல்ல வீட்டைப் பாருங்க” என்றார்.

அவர் படி இறங்கியதும் மாமா வெடித்தார். “இப்பவே போறேன். சட்டையைப் பிடிச்சுத் தெருத்தெருவா இழுத்துட்டு வாரேன். என்ன நெஞ்சழுத்தம்! பெத்த பிள்ளையைப் பாக்காம பஸ் ஸ்டாப்புல என்ன மயித்துக்கு...”

“நீங்க வேண்டாம் மாமா. நீங்க போனா அடிதடியாகும், அவங்க இன்னும் எங்கேயாவது ஓடிருவாங்க. நான் போறேன்.”

“நீ ஒத்தையிலயா?”

“வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நஜ்லா காதுக்குப் போகவே கூடாது. பச்சை உடம்பு.”

பஸ் ஸ்டாண்டில் சாயங்கால நெரிசல். திருச்செந்தூர் பஸ் ஒரு பக்கம் உறுமிக்கொண்டு நின்றது. அதில் ஏறினால் மஃரிபுத் தொழுகைக்கு வீட்டில் இருக்கலாம். ஜஹ்ரா அதைத் தாண்டி நடந்து, திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. நஜ்லா.

“ராத்தா, என்னாச்சு? மாமா போனை எடுக்க மாட்டேங்காங்க. எனக்குக் கஞ்சி இறங்கலை.”

“எல்லாம் முடிஞ்சுது. பயப்படாதே. உன் மாப்பிள்ளை மேல கேஸு இல்லை.”

“நெசமாவா? அல்ஹம்துலில்லாஹ்!” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அவங்களும் இப்பத்தான் பேசினாங்க ராத்தா. நாப்பதுக்கு லீவு கிடைக்கலையாம். அடுத்த வருஷம்தான் வர முடியுமாம். சொல்லும்போது அழுதாங்க. நான்தான் தேத்துனேன்.”

ஜஹ்ரா முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

“நீ கிளம்பிட்டியா?”

“ம்.”

“பஸ் ஏறியாச்சா? திருச்செந்தூர் பஸ்ஸுதானே?”

காலையில் ஜெயிலுக்குப் பயந்துகூடப் பொய் சொல்லாதவள் இவள். இப்போது தங்கச்சியிடம் கூசாமல் சொன்னாள். “ஆமாளா. திருச்செந்தூர் பஸ்ஸுதான். வந்துட்டே இருக்கேன்.”

அந்த நேரம் பார்த்துத்தானா கண்டக்டர் படியில் ஏற வேண்டும்? “புதுக்கோட்டை, வாகைக்குளம், வல்லநாடேய்! வல்லநாடு, பாளையங்கோட்டை ஏறு ஏறு!” என்று ஒரு இழுப்பு இழுத்தார். அடுத்த மூச்சில் விசிலை ஊதினார். ஜஹ்ரா போனைக் கையால் பொத்துவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பக்கமிருந்து பிள்ளை சிணுங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

“நஜ்லா? ஏளா, கேக்குதா?”

“ராத்தா.” நஜ்லாவின் குரல் மெல்ல வந்தது. “இந்தக் கத்தல்... இந்த விசில்... இதேதான் ராத்தா. அவங்க பேசும்போது பின்னால கேக்கும். ரூம்ல சினிமா ஓடுதுன்னு சொல்லுவாங்க.”

பஸ் நகர்ந்து ரோட்டில் திரும்பியது.

“நீ எங்க போறே ராத்தா? அவங்க எங்க இருக்காங்க?”